முதலில் ஒரு கன்வெர்ட்டரை ஓடவையுங்கள்

இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) முடித்துவிட்டு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல், பவர் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக வேண்டும் என்று நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த டாபிக் எடுக்கலாம்?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி: ஒரு கன்வெர்ட்டருக்கு, அதாவது ஒரு வோல்டேஜை வேறொன்றாக மாற்றும் சர்க்யூட்டுக்கு, நீங்களே கணக்குப் போட்டு, இண்டக்டர் (கம்பிச்சுருள்) சுற்றி, சாலிடர் செய்து, முழு லோடில் அரை மணி நேரம் ஓடவைக்க முடியுமா? இரண்டாவது: அப்படி ஓடவைக்க இடமும் கருவியும் நேரமும் தரும் லேபும் கைடும் உங்களுக்குக் கிடைப்பார்களா? இந்த இரண்டுக்கும் வழி பிறந்துவிட்டால், ஓடாத கன்வெர்ட்டரே டாபிக்கைக் காட்டிக்கொடுக்கும்.

சிமுலேஷன் மட்டும் செய்து பிஎச்.டி. வாங்கியவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டம் கிடைத்துவிடும். ஆனால் நல்ல ஜர்னலின் ரிவ்யூவர் கேட்கும் முதல் கேள்வியும், வெளிநாட்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.-க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) நேர்காணலில் வரும் முதல் கேள்வியும், உங்களிடம் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வியும் ஹார்டுவேரைப் பற்றித்தான் இருக்கும். ஆகவே பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே கையில் சாலிடரிங் அயர்ன் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

300 வாட் பூஸ்ட் கன்வெர்ட்டர்

தொடங்குவதற்கு, உள்ளீட்டைவிட வெளியீட்டு வோல்டேஜைக் கூட்டித் தரும் இந்தக் கன்வெர்ட்டர் ஒன்று போதும். உள்ளீடு 36 வோல்ட், வெளியீடு 60 வோல்ட், 300 வாட், ஸ்விட்சிங் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸ். 72 செல் உள்ள சோலார் பேனல் உச்சத் திறன் தரும் வோல்டேஜ் ஏறத்தாழ 36-ஐ ஒட்டியே வரும் என்பதால் இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். டூட்டி, அதாவது ஒவ்வொரு சைக்கிளிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு, 0.4. உள்ளீட்டு மின்னோட்டம் 8.33 ஆம்பியர். அதில் 20 சதவீதத்தை, அதாவது 1.67 ஆம்பியரை, ரிப்பிளாக (ஏற்ற இறக்கமாக) விட்டால் இண்டக்டன்ஸ் 172 மைக்ரோஹென்றி. உச்ச மின்னோட்டம் 9.17 ஆம்பியர்.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பலர் நின்றுவிடுவது அடுத்த படியில்: அந்த 172 மைக்ரோஹென்றியைக் கையால் செய்வது. ஃபெரைட்டில் உச்ச ஃப்ளக்ஸ் அடர்த்தி 0.2 டெஸ்லா, கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு 3 ஆம்பியர், ஜன்னல் நிரப்பு 0.4 என்று எடுத்தால் ஏரியா புராடக்ட் (கோரின் குறுக்குப் பரப்பையும் கம்பி போகும் ஜன்னலின் பரப்பையும் பெருக்கியது) சுமார் 55,000 மில்லிமீட்டர் நான்காம் அடுக்கு வரும். இ.இ. 42/21/20 கோர் இதற்குச் சரியாகப் பொருந்தும். அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 234 சதுர மில்லிமீட்டர். சுற்று 34. ஏர் கேப் மொத்தம் 2 மில்லிமீட்டர். இரண்டு இ-களுக்கு நடுவில் ஸ்பேசர் வைத்தால் ஃப்ளக்ஸ் நடுக்காலிலும் ஓரக்காலிலும் என்று இரண்டு இடத்தில் இடைவெளியைக் கடக்கிறது. ஆகவே ஸ்பேசரின் தடிமன் 1 மில்லிமீட்டர்தான். இங்கே 2 மில்லிமீட்டர் அட்டையை வைத்துவிட்டு, இண்டக்டன்ஸ் பாதிக்குக் குறைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். கம்பிக்கு 25 எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது அரை மில்லிமீட்டர், 14 இழையைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். 50 கிலோஹெர்ட்ஸில் ஸ்கின் டெப்த், அதாவது மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலிருந்து உள்ளே பரவும் ஆழம், 0.3 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் ஒரே தடித்த கம்பியைப் போடுவதில் பயனில்லை. சுற்றி முடித்ததும் எல்.சி.ஆர். மீட்டரில் 50 கிலோஹெர்ட்ஸுக்கு நெருங்கிய அதிர்வெண்ணில் அளந்து பாருங்கள். ஏர் கேப்பின் ஓரத்தில் ஃப்ளக்ஸ் விரிவதால் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்.

மீட்டர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எல்.சி.ஆர். மீட்டர் சில மில்லிஆம்பியரில் அளக்கிறது. 9 ஆம்பியரில் கோர் தாங்குமா என்பது அதற்குத் தெரியாது. லோடை ஏற்றிக்கொண்டே ஆசிலோஸ்கோப்பில் இண்டக்டர் மின்னோட்டத்தைப் பாருங்கள். ஏறுமுகம் நேர்க்கோடாக இருக்கும்வரை கவலையில்லை. உச்சிக்குப் பக்கத்தில் கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கினால் கோர் சாச்சுரேட் ஆகிறது (இனி கூடுதல் ஃப்ளக்ஸை ஏற்காது) என்று பொருள். அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரை ஆம்பியர் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் போய்விடும்.

வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு சதவீத ரிப்பிளுக்குக் கணக்குப் போட்டால் 67 மைக்ரோஃபாரட் என்று வரும்; 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் பூஸ்ட் கன்வெர்ட்டரில் டையோடு மின்னோட்டம் விட்டுவிட்டு வருவதால், அந்தக் கெப்பாசிட்டர் சுமக்க வேண்டிய ரிப்பிள் மின்னோட்டம் இங்கே 4.1 ஆம்பியர் ஆர்.எம்.எஸ். சாதாரண 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கின் ரேட்டிங் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பத்து நிமிடத்தில் மேல்மூடி உப்பிவிடும். நாலைந்தை இணையாகப் போட்டு, கூடவே சில மைக்ரோஃபாரட்டுக்கு ஃபிலிம் கெப்பாசிட்டரும் சேர்க்க வேண்டும். ரேட்டிங் 100 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

மாஸ்ஃபெட்டுக்குப் பெரும்பாலான கல்லூரி லேப்களில் கைக்கு வருவது ஐ.ஆர்.எஃப். 540 என். 100 வோல்ட், 33 ஆம்பியர், 44 மில்லிஓம். கணக்குப்படி ஆர்.எம்.எஸ். மின்னோட்டம் 5.3 ஆம்பியர், கண்டக்ஷன் இழப்பு 1.2 வாட். சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும் என்பதால் 2 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் தாங்கும். வோல்டேஜில்தான் அடி விழும். மாஸ்ஃபெட், டையோடு, வெளியீட்டுக் கெப்பாசிட்டர் மூன்றையும் சுற்றி ஓடும் லூப்பில் எவ்வளவு ஒயர் இருக்கிறதோ அவ்வளவு ஸ்பைக். ஒயரில் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோஹென்றி என்று கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் ஒயரில் இணைத்திருந்தால் 300 நானோஹென்றி. 9 ஆம்பியர் 50 நானோசெகண்டில் அணையும்போது 54 வோல்ட் கூடுகிறது. 60-உடன் சேர்த்தால் 114. நூறு வோல்ட் மாஸ்ஃபெட் ஏன் செத்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அந்த லூப்பை விரல்நீளத்துக்குள் அடக்குங்கள். 150 வோல்ட் மாஸ்ஃபெட் கிடைத்தால் அதையே போடுங்கள். பிரெட்போர்டை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

கடையில் வாங்கும் மாஸ்ஃபெட் எல்லாம் அசலும் அல்ல. கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, ட்ரெய்ன் வழியே 1 ஆம்பியர் விட்டு, மில்லிவோல்ட்டை அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 44-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் 90 காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேட் டிரைவருக்கு டி.எல்.பி. 250 எல்லா லேபிலும் இருக்கும். 8-ஆவது, 5-ஆவது கால்களுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரை ஒட்டினாற்போல் வைக்க வேண்டும் என்று டேட்டாஷீட்டிலேயே எழுதியிருக்கிறது. அதை விட்டுவிட்டு, பல்ஸ் விட்டுவிட்டு வருகிறது என்று குழம்புவதைத்தான் அடிக்கடி பார்க்கலாம். இந்த ஐ.சி.-யின் தாமதம் 0.5 மைக்ரோசெகண்ட் வரை போகும் என்பதால், பின்னால் இதையே பிரிட்ஜ் இன்வெர்ட்டருக்குப் பயன்படுத்தினால் டெட் டைமை, அதாவது ஒரு ஸ்விட்ச் அணைந்து அடுத்தது இயங்குவதற்கு முன் விடும் இடைவெளியை, 1 மைக்ரோசெகண்டுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 10 கிலோஓம் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். கன்ட்ரோலர் ரீசெட் ஆகும் நேரத்தில் கேட் அந்தரத்தில் தொங்கக் கூடாது.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது கரண்ட் லிமிட் உள்ள பென்ச் சப்ளையில் 10 வோல்ட், 1 ஆம்பியர், டூட்டி 0.1-இல் தொடங்குங்கள். லோடு இல்லாமல் பூஸ்ட் கன்வெர்ட்டரை ஓபன் லூப்பில் (வெளியீட்டைப் பார்த்து டூட்டியைத் திருத்தாமல்) ஓட்டவே கூடாது. ஒவ்வொரு சைக்கிளிலும் இண்டக்டர் கொண்டுவரும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல் வெளியீட்டு வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய்க் கெப்பாசிட்டரையோ மாஸ்ஃபெட்டையோ உடைத்துவிட்டுத்தான் நிற்கும். லோடு ஒயர் கழன்றாலும் இதே கதிதான். புரோகிராமில் டூட்டிக்கு 0.7 என்று உச்சவரம்பு போடுங்கள். வெளியீடு 75 வோல்ட்டைத் தாண்டினால் பல்ஸை நிறுத்தும் ஒரு கம்பேரேட்டரையும் தனியாக வையுங்கள்.

அளவீட்டில் ஏமாறுவது இன்னொரு பெரிய சங்கதி. ஆசிலோஸ்கோப் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்தது. மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் எர்த்துக்கு மேலே மிதக்கும் சர்க்யூட்டில் அதை மாட்டினால் ஷார்ட். இதற்காக ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் சில லேப்களில் இருக்கிறது. அப்போது ஸ்கோப்பின் உலோகப் பாகங்கள் அத்தனையும் சர்க்யூட் வோல்டேஜில் நிற்கும். டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்கிக் கொடுக்காத லேபில் 400 வோல்ட் வேலை செய்யாதீர்கள்.

எஃபிஷியன்சியை நான்கு மல்டிமீட்டர் வைத்து அளந்து 97.4 சதவீதம் என்று எழுதுவதும் அப்படித்தான். 300 வாட்டில் 97 சதவீதம் என்றால் இழப்பு 9 வாட். உள்ளீட்டுத் திறனில் 1 சதவீதம் பிழை என்றாலே 3 வாட். இழப்பில் மூன்றில் ஒரு பங்கு. பவர் அனலைசர் இல்லாவிட்டால் தசமப்புள்ளிக்குப் பின்னால் எதையும் எழுத வேண்டாம்.

பேனலை மாட்டினால் கன்ட்ரோல் மாறிவிடும்

60 வோல்ட் வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரில் ரைட் ஹாஃப் பிளேன் ஜீரோ ஒன்று வரும், அதாவது டூட்டியைக் கூட்டினால் வெளியீடு ஏறும் முன் சற்று இறங்கும். நம் எண்களுக்கு அது 4 கிலோஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வோல்டேஜ் லூப்பின் கிராஸ்ஓவரை ஒரு கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிட வேண்டும். மிடில்புரூக்கும் சூக்கும் 1976-இல் கால்டெக்கில் கொடுத்த ஸ்டேட் ஸ்பேஸ் ஆவரேஜிங் முறையில் இதைக் கையாலேயே வருவித்துவிடலாம். ஒரு தடவையாவது கையால் வருவித்துப் பார்க்காமல் பி.ஐ.டி. டியூனர் பொத்தானை அழுத்துபவர் இந்தத் துறையில் நெடுந்தூரம் போக முடியாது.

அதே கன்வெர்ட்டரை சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வையுங்கள். இப்போது வெளியீட்டு வோல்டேஜ் பேட்டரியின் கையில் இருக்கிறது. நீங்கள் கட்டுப்படுத்துவது உள்ளீட்டு வோல்டேஜை. டூட்டி கூடினால் அது குறையும், அதாவது குறியே தலைகீழ். அந்த ஜீரோ இங்கே காணாமல் போய்விடும். அதற்குப் பதிலாக, பேனலின் டைனமிக் ரெசிஸ்டன்ஸ் ஆட்டத்துக்கு வரும். உச்சத் திறன் புள்ளிக்கு இடப்பக்கம் பேனல் கரண்ட் சோர்ஸ் போல நடந்துகொள்வதால் டாம்பிங் (அலைவை அடக்கும் தன்மை) குறைவு. வலப்பக்கம் வோல்டேஜ் சோர்ஸ் போல நடப்பதால் அதிகம். ஒரு பக்கம் டியூன் செய்த லூப் மறுபக்கம் ஆடுவது இதனால்தான்.

டூட்டியை அசைத்து, திறன் கூடுகிறதா என்று பார்த்து உச்சப் புள்ளியைத் தேடும் பெர்டர்ப் அண்ட் அப்சர்வ் முறையில் தொடக்கக்காரர்கள் சறுக்குவதும் இதே இடத்தில். டூட்டியை அசைத்ததும் உள்ளீட்டு வோல்டேஜ் அடங்க 5 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்காரிதம் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் முடிவெடுத்தால், முந்தைய அசைவின் அலையை இந்த அசைவின் விளைவு என்று நினைத்துத் தப்பான திசையில் நடக்கும். ஸ்டெப் ரெஸ்பான்ஸை அளந்து, அது அடங்கும் நேரத்தைவிட இடைவெளியைக் கூடுதலாக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எறும்பு, தேனீ, ஓநாய், திமிங்கலம் என்று ஒவ்வொரு பெயரிலும் ஓர் ஆப்டிமைசேஷன் முறையை எடுத்து, உச்சத் திறன் புள்ளியைத் தேடும் எம்.பி.பி.டி.-யோடு ஒட்டிய கட்டுரைகள் மலைபோல் குவிந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் கன்வெர்ட்டரின் டைனமிக்ஸே கிடையாது. இந்த வகை டாபிக்கைக் கைடு நீட்டினால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். அதில் வேலை முடிந்துபோய் நெடுநாளாகிறது.

நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்

கிரிட்டில் (மின் தொகுப்பில்) நடந்த கோளாறுகளின் விசாரணை அறிக்கைகளில் கிடைக்கும். இலவசமாகப் படிக்கலாம். 2016 ஆகஸ்ட் 16 அன்று கலிஃபோர்னியாவில் புளூ கட் என்ற காட்டுத்தீயின் புகையால் 500 கிலோவோல்ட் லைன்களில் அடுத்தடுத்து ஃபால்ட். லைன்கள் முறைப்படி திறந்து ஃபால்ட்டைக் களைந்துவிட்டன. ஆனாலும் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சோலார் உற்பத்தி நின்றுபோனது. காரணத்தைத் தோண்டினால், ஃபால்ட்டின்போது வோல்டேஜின் ஃபேஸ் சட்டென்று தாவியதை இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் வீழ்ச்சி என்று கணக்கிட்டு, 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டதாக நினைத்து உடனே டிரிப் ஆகியிருக்கின்றன. உண்மையில் கிரிட் அதிர்வெண் அந்தப் பக்கமே போகவில்லை. மிச்சம் இன்வெர்ட்டர்கள் வோல்டேஜ் குறைந்ததும் மின்னோட்டத்தை நிறுத்திவைக்கும்படி செட்டிங் செய்யப்பட்டிருந்தவை.

அடுத்தது 2019 ஆகஸ்ட் 9, இங்கிலாந்து. ஒரு லைனில் இடி விழுந்தது. சில நொடிகளுக்குள் ஹார்ன்சீ கடல் காற்றாலைப் பண்ணை 737 மெகாவாட்டை இழந்தது. வேறு உற்பத்தியும் போனதால் அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. காற்றாலைகளின் வோல்டேஜ் கன்ட்ரோல், வலுக்குறைந்த நெட்வொர்க் நிலையில் ஆட்டம் கண்டதுதான் அங்கே சிக்கல்.

இரண்டுமே பி.எல்.எல். (கிரிட்டின் ஃபேஸைப் பின்தொடரும் பகுதி), கரண்ட் கன்ட்ரோல், ஃபில்டர் சம்பந்தப்பட்ட விஷயங்கள். எல்லாம் ஒரு சிறிய லேபில், 1 கிலோவாட் இன்வெர்ட்டரில் செய்து பார்க்கக் கூடியவை. உதாரணத்துக்கு ஒன்று: எல்.சி.எல். (இண்டக்டர், கெப்பாசிட்டர், இண்டக்டர்) ஃபில்டரோடு 10 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் செய்யும் இன்வெர்ட்டர். டிஜிட்டல் கன்ட்ரோலில் ஒன்றரை சாம்பிள் தாமதம் இருப்பதால், சாம்பிளிங் அதிர்வெண்ணில் ஆறில் ஒரு பங்கு, இங்கே 1,667 ஹெர்ட்ஸ், ஒரு எல்லைக்கோடு ஆகிறது. கெப்பாசிட்டர் மின்னோட்டத்தை வைத்துச் செய்யும் ஆக்டிவ் டாம்பிங், அதற்கு மேலே நெகடிவ் ரெசிஸ்டன்ஸாக மாறிவிடும். வலுவான கிரிட்டில் ரெசனன்ஸ் 2,000 ஹெர்ட்ஸில் இருக்கும்படி வடிவமைத்தீர்கள் என்றால், நீண்ட லைனின் கடைசியில் கிரிட் இண்டக்டன்ஸ் கூடும்போது அது 1,667-ஐத் தாண்டிக் கீழே இறங்கும். அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்தில் இன்வெர்ட்டர் ஊளையிடும். லேபில் இதைக் கொண்டுவர ஒரு வேரியாக்கும் சில மில்லிஹென்றி இண்டக்டர்களும் போதும். தாமதத்தைக் குறைப்பது, ரெசனன்ஸை உடனுக்குடன் கணிப்பது, கிரிட் இம்பீடன்ஸை ஓட்டத்திலேயே அளப்பது என்று இதிலிருந்து கிளைக்கும் கேள்விகள் இன்னும் தீரவில்லை. கிரிட்டின் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் தானே உருவாக்கும் கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர் பக்கம் போனால், ஃபால்ட்டின்போது மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொண்டே ஒத்திசைவைக் காப்பது எப்படி என்பது இப்போது உலகமெங்கும் ஆராயப்படும் கேள்வி.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் இயல்பான வசதி ஒன்று உண்டு. முப்பந்தல், கயத்தாறு பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய இண்டக்ஷன் ஜெனரேட்டர் காற்றாலைகளும், ரோட்டர் பக்கம் மூன்றில் ஒரு பங்கு ரேட்டிங்கில் கன்வெர்ட்டர் வைத்த இரட்டை ஊட்டக் காற்றாலைகளும், முழுக் கன்வெர்ட்டர் காற்றாலைகளும் ஒரே பகுதியில் ஓடுகின்றன. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் 2016-இலிருந்து இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம், அதன் ஆய்வு நிலையம் கயத்தாறில். ஃபீல்டில் வேலை செய்யும் பொறியாளர்களிடம் பேசுங்கள். எந்த மாதத்தில் எந்தக் கோளாறு வருகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதோடு மத்திய மின்சார ஆணையத்தின் இணைப்பு விதிகளையும் படித்துவிடுங்கள். வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லிசெகண்ட் இணைப்பிலேயே இருக்க வேண்டும், டி.சி. செலுத்தம் அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது போன்ற வரிகள்தான் உங்கள் வடிவமைப்பின் எல்லைகள்.

படிப்பு, உதவித்தொகை, கைடு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கேட் தேர்வில் இ.இ. தாள் எழுதுங்கள், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். பிஎச்.டி.-யில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தொகை 2023 ஜனவரியிலிருந்து 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2018-இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு 70,000, கடைசியில் 80,000. யு.ஜி.சி.-யின் 2022 விதிப்படி பிஎச்.டி.-க்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் நேரடியாகவும் சேரலாம்.

பணத்தைவிட முக்கியம் கைடு. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 என்று வரம்பு இருக்கிறது. வரம்பின் விளிம்பில் இருப்பவரிடம் நேரம் இருக்காது. சேரும் முன் லேபை நேரில் போய்ப் பாருங்கள். மேசையில் பாதி முடிந்த போர்டுகள் கிடக்கின்றனவா, ஸ்கோப்பின் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரைத் தனியாகக் கேளுங்கள்: ஒரு பி.சி.பி. ஆர்டர் செய்ய எத்தனை கையெழுத்து வேண்டும், பணம் கிடைக்க எத்தனை மாதம்? கைடின் முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று தேடினால், இணையதளத்தில் உள்ள சாதனைப் பட்டியலைவிட அது அதிகம் சொல்லும்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்பவர்கள் சிமுலேஷன் பக்கம் சாய்வதற்குக் காரணம் நேரமின்மைதான். அவர்களுக்கு ஒரு வழி, ஹார்டுவேர் இன் த லூப். கன்ட்ரோலர் நிஜம், பவர் சர்க்யூட் மட்டும் ரியல் டைம் சிமுலேட்டரில். தாமதம், ஏ.டி.சி. பிழை, ஓவர்ஃப்ளோ எல்லாம் இதிலேயே வெளிப்பட்டுவிடும். இதற்கும் முந்தைய படியாக, டெக்சாஸின் சி2000 வகை லாஞ்ச்பேட் ஒன்றை வாங்கி, பி.டபிள்யூ.எம். கேரியரின் நடுப்புள்ளியில் ஏ.டி.சி. டிரிகர் ஆகும்படி செட் செய்து பழகுங்கள். அங்கே சாம்பிள் எடுத்தால் ரிப்பிள் தானாகக் கழிந்து சராசரி மின்னோட்டம் கிடைக்கும். ஸ்விட்சிங் ஸ்பைக்கும் உள்ளே வராது. வேறு நேரத்தில் எடுத்துவிட்டு அதைச் சரிக்கட்ட லோ பாஸ் ஃபில்டர் போட்டால், லூப்பின் ஃபேஸ் மார்ஜினைத்தான் அது தின்னும்.

கட்டுரை

இந்தத் துறையில் மதிப்புள்ள இடங்கள் வெளிப்படையானவை: ஐ ட்ரிபிள் இ-யின் பவர் எலக்ட்ரானிக்ஸ், இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரானிக்ஸ், சஸ்டெய்னபிள் எனர்ஜி, எனர்ஜி கன்வெர்ஷன் ட்ரான்ஸாக்ஷன்கள், மாநாட்டில் ஏபெக், ஈ.சி.சி.இ., ஐகான், இந்தியாவில் பெடெஸ். பணம் கட்டினால் பத்து நாளில் போடும் ஜர்னல்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஸ்கோப்பஸ் என்ற ஆய்வு ஜர்னல் பட்டியலில் இன்று இருப்பது நாளை நீக்கப்படலாம். அதை நம்பிப் போட்ட கட்டுரை பதவி உயர்வின்போது கழுத்தை அறுக்கும்.

ரிவ்யூவர் பார்ப்பது மூன்று விஷயம். ஒப்பிட்ட முறையும் அதே கவனத்தோடு டியூன் செய்யப்பட்டதா? அலைவடிவத்தில் ஸ்கேல் தெரிகிறதா? முறை எங்கே தோற்கிறது என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறாரா? மூன்றாவதை எழுதத் தயங்காதீர்கள். ஸ்கோப் படங்களை மொபைலில் எடுக்காமல் சி.எஸ்.வி.-யாகச் சேமித்து நீங்களே வரையுங்கள். ஒவ்வொரு சோதனையின் தேதி, போர்டு எண், கன்ட்ரோலர் கோடின் பதிப்பு, ப்ரோப் செட்டிங் நான்கையும் நோட்டில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் ரிவ்யூவர் கேள்விக்கு அந்த நோட்டு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

வெளிநாட்டு போஸ்ட்டாக்குக்கு டென்மார்க்கின் ஆல்போர்க், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம், ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கில் உள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் என்று பெரிய குழுக்கள் இருக்கின்றன. ஐரோப்பாவின் மரி கியூரி ஃபெலோஷிப்புக்கு, முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்ற விதியைக் கவனியுங்கள்.

வேலை, பிறகு உங்கள் லேப்

தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ.-யின் 2019 விதிப்படி உதவிப் பேராசிரியராக பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், அவற்றில் ஒன்றில் முதல் வகுப்பு போதும். தொடக்கச் சம்பளம் 57,700. இணைப் பேராசிரியருக்குப் பிஎச்.டி., எட்டு ஆண்டு அனுபவம், அதில் பிஎச்.டி.-க்குப் பிறகு இரண்டு ஆண்டு, ஆறு கட்டுரைகள். 1,31,400. பேராசிரியருக்குப் பத்து ஆண்டு அனுபவத்தோடு, மாணவர்களைப் பிஎச்.டி. வரை வழிநடத்தியதோ கூடுதல் கட்டுரைகளோ வேண்டும். 1,44,200. பல சுயநிதிக் கல்லூரிகளில் இந்தச் சம்பளம் ஏட்டில்தான் இருக்கிறது. சேரும் முன் நியமன ஆணையில் எண்ணைப் பார்த்துவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 18 மணி நேர வகுப்பும், அட்மிஷன் வேலையும், அக்ரெடிடேஷன் ஃபைலும் சேர்ந்தால் ஆராய்ச்சிக்கு இரவுதான் மிஞ்சும்.

முதல் ஆராய்ச்சி நிதி வந்ததும் பலர் விலையுயர்ந்த ரியல் டைம் சிமுலேட்டரை வாங்கிவிட்டு, மிச்சத்துக்கு மல்டிமீட்டரோடு நிற்கிறார்கள். என் வரிசை வேறு. நான்கு சேனல், 100 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத ஸ்கோப். இரண்டு டிஃபரன்ஷியல் ப்ரோப். டி.சி.-யும் அளக்கும் ஹால் வகை கரண்ட் ப்ரோப். எல்.சி.ஆர். மீட்டர். கரண்ட் லிமிட் உள்ள டி.சி. சப்ளை, எலக்ட்ரானிக் லோடு. ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரும் வேரியாக்கும். தெர்மல் கேமரா. இவை எல்லாம் வந்த பிறகுதான் சோலார் பேனல் போல நடந்துகொள்ளும் பி.வி. எமுலேட்டரும் சிமுலேட்டரும். பத்து மாஸ்ஃபெட் வாங்க வேண்டிய இடத்தில் ஐம்பது வாங்கிவையுங்கள், போகத்தான் செய்யும்.

மாணவர்கள் வந்து சேர்வதற்கு முன் பாதுகாப்பை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எமர்ஜென்சி ஸ்டாப், அருகில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், தனியாள் வேலைக்குத் தடை. 400 வோல்ட்டில் 470 மைக்ரோஃபாரட் டி.சி. லிங்க் கெப்பாசிட்டரில் 37 ஜூலுக்கு மேல் இருக்கிறது. சப்ளையை அணைத்த பிறகும் அது அங்கேதான் நிற்கும். குறுக்கே 47 கிலோஓம் ப்ளீடரை நிரந்தரமாக இணைத்துவிடுங்கள். அது 3.4 வாட் தின்னும் என்பதால் 10 வாட் வகையாக இருக்கட்டும். 30 வோல்ட்டுக்குக் கீழே இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். ப்ளீடரே திறந்துபோயிருக்கலாம். அதனால் நிமிடத்தை எண்ணிவிட்டுக் கை வைப்பதும் கூடாது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே போர்டைத் தொட வேண்டும் என்பதை முதல் நாள் முதல் வகுப்பில் செய்து காட்டுங்கள்.